மனித இருதயத்தில் பன்றியின் வால்வு!
சிறுவர்களுக்கு அது சீக்கிரம் கெட்டுவிடுவது ஏன்?

மனிதனின் இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதில் நான்கு வால்வுகள் இருக்கின்றன. ரத்தம் முன்னே போக அவை வழி விடும். திரும்பி வராமல் மூடிக்கொள்ளும்.

இந்த வால்வு கெட்டால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். உயிருக்கே ஆபத்து வரலாம். அப்போது டாக்டர்கள் வேறு வால்வு வைக்கிறார்கள்.

இரண்டு வகை

ஒரு வகை, உலோகம், கார்பன் முதலியவற்றால் செய்தது. அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரையால் ஆபத்து உண்டு.

மற்றொரு வகை, பன்றியின் வால்வு. அல்லது மாட்டின் இருதயத்தை மூடியிருக்கும் சவ்வில் தைத்தது. இதை வைத்தால் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் அந்த மாத்திரை தேவையில்லை. முதியவர்களுக்கு இது பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கிறது. சிறுவர்களுக்கோ சீக்கிரமே சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிவிடுகிறது. மறுபடியும் ஆபரேஷன்!

தோல் பதனிடும் மருந்து

வீட்டு நாய் அந்நியனைக் கண்டு பாய்வது போல, உடலின் எதிர்ப்புச் சக்தி அந்நியச் சதையின் மீது பாய்கிறது. 1965-ல் பாரிஸ் நகரில் பன்றி வால்வை மனிதனுக்கு வைத்தபோது இந்தத் தொல்லை வந்தது. வால்வுகள் நெடுநாள் உழைக்கவில்லை.

அங்கிருந்த டாக்டர் அலென் கார்பான்டியே இதற்காக ரசாயனம் படிக்கப் போனார். தோல் பதனிடவும் பயன்படும் குளூட்டரால்டிஹைடு என்ற மருந்தில் வால்வை ஊற வைத்தார். 1968-ல் அது பலன் தந்தது. இன்றும் அந்த முறைதான் பெரிதும் கையாளப்படுகிறது.

சர்க்கரை செய்யும் வேலை

ஆனால் அந்த மருந்து எல்லாவற்றையும் மறைத்துவிடவில்லை. பன்றி, மாட்டின் சதையில் 'ஆல்பா-கால்' என்ற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. மனிதனிடம் அது இல்லை. அதனால் உடல் அதை அந்நியப் பொருள் என்று கண்டுகொள்கிறது. வால்வு கெட இதுவும் ஒரு காரணம் என்பதற்கு 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி ஆதாரம் தந்தது. சிறுவர்களிடம் எதிர்ப்புச் சக்தி வேகமானது. அதனால் அவர்களுக்குத்தான் அதிகச் சேதம்.

அவசரம் கூடாது

அந்நிய உயிரணுக்களைக் கழுவி நீக்கிவிட்டால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படிக் கழுவிய பன்றி வால்வுகளை ஆஸ்திரியாவில் நான்கு சிறுவர்களுக்கு வைத்தார்கள். மூவர் இறந்துவிட்டனர்! 2003-ல் டாக்டர்களே இதை வெளியிட்டு உலகத்தை எச்சரித்தார்கள்.

இப்போது வேறு வழி பிறந்திருக்கிறது. அந்தச் சர்க்கரையே இல்லாத பன்றியை விஞ்ஞானிகள் உண்டாக்கியிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் அத்தகைய ஒரு பன்றி இனத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. ஆனால் அதன் சதையை மனித உடலுக்குள் வைக்க வேண்டுமானால் தனியாகச் சோதித்து மறுபடி அனுமதி பெற வேண்டும்.

அந்த நிபந்தனை நியாயமானதே. எட்டு வயதில் வால்வு வைத்த சிறுவன் இன்னும் அறுபது, எழுபது ஆண்டு வாழ வேண்டியவன். அவன் மார்பைத் திரும்பத் திரும்பத் திறக்காமல் இருக்க வழி காண வேண்டும். அந்த வழி பத்திரமானதாகவும் இருக்க வேண்டும்.