தேனெடுத்தவனுக்குப் புறங்கையாவது உண்டா?

“தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?” என்பது பழமொழி. நடப்பதோ வேறு. எடுத்தவன் கை காய்ந்து கிடக்கிறது. எடுக்காதவன் குடத்தோடு கொண்டு போகிறான்.

நீலகிரியைப் பாருங்கள். செங்குத்தான பாறைகளில் மலைத்தேனீ அடை கட்டுகிறது. குறும்பர், இருளர் மக்கள் காட்டுக்கொடியை ஏணியாகத் திரித்து, அதில் தொங்கி, புகை போட்டுத் தேன் எடுக்கிறார்கள். மேலே கொடியைக் காவல் காப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பது வழக்கம். தன் சகோதரி விதவையாவதை அவன் விரும்பமாட்டான் அல்லவா? அத்தனை ஆபத்தான தொழில் இது! நாவல் பூக்கும் பருவத்தில் அந்தத் தேனில் கசப்புத் தட்டும். காட்டில் என்ன பூவோ, அதுவே தேனின் ருசி.

குமரி மாவட்டத்தில் நிலமும் வேறு, தேனும் வேறு. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, பூவில் அல்ல, தளிர் இலையின் காம்பில் தேன் சுரக்கிறது. தோட்டங்களில் பெட்டி வைத்து அதைச் சேகரிக்கிறார்கள். 1990களில் வைரஸ் நோய் தாக்கி, பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் மடிந்தன. அந்த மக்கள் மனம் தளராமல் தொழிலை மீண்டும் நிமிர்த்தினார்கள். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் கடைத்தெருவில் நடப்பதென்ன? 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் தேனைச் சோதித்த முடிவை வெளியிட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே! மற்றவற்றில் சர்க்கரைப் பாகுக் கலப்படம் என்றது மையம். கம்பெனிகள் மறுத்தன. பாகு காய்ச்சப் பாறை ஏற வேண்டியதில்லை. கொட்டு வாங்க வேண்டியதில்லை. மலிவான பாகு தேனின் விலையைச் சாய்க்கிறது. அடி விழுவது கொடியில் தொங்குகிறவன் வயிற்றில்.

மில்லில் நூல் நூற்பவருக்கும் வயலில் கதிர் அறுப்பவருக்கும் இந்தக் கதை புதிதல்ல. உற்பத்தி செய்பவன் ஒருவன். விலை சொல்பவன் வேறொருவன்.

இடதுசாரிகளும் ஆதிவாசி மக்களும் போராடியதன் பயனாக 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தேன் உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டு மக்களுக்கே உரிமை என்று அது சொல்கிறது. ஏட்டில் உள்ள உரிமை பாறை மேல் நிற்பவனுக்குச் சோறு போடாது.

ஆகவே நாம் கோருகிறோம்: மலைக் கிராமங்கள் அனைத்திற்கும் சமூக வன உரிமைப் பட்டா வழங்கு! கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நியாய விலைக்குத் தேனை நேரே கொள்முதல் செய்! கலப்படக்காரர்களைத் தண்டி!

மலையிலிருந்து எழும் இந்தக் குரலோடு ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் குரல் சேர்க்க வேண்டும். சுரண்டுகிறவன் ஒருவனே என்னும்போது, போராட்டம் மட்டும் தனித்தனியாக இருக்கலாமா?