தராசு யார் கையில்?

“கைவேலைப் பொருள்களை விற்பதற்கு எந்த இணையச் சந்தை நல்லது?” என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கதை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். எழுத்தும் கைவேலைதான். செய்கிறவன் ஒருவன், விலை சொல்லுகிறவன் இன்னொருவன் என்கிற அவஸ்தை எங்களுக்கும் பழக்கமானதே. ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன்.

வானகரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், வயர் கூடை பின்னுகிறவரோ, சுடுமண் தோடு செய்கிறவரோ, பட்டு நூல் வளையல் சுற்றுகிறவரோ ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் பெண்கள். இவர்களுக்குப் புத்தி சொல்ல ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. “எங்கே ஜனங்கள் அதிகமாக வருகிறார்களோ அங்கே கடையைப் போடு” என்பதே அவர்களுடைய உபதேசம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிட மோசமான யோசனை வேறு கிடையாது என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் என்றால் என்ன என்பது விளங்கும். ஆனால் அந்தக் கூட்டத்திலும் மீன் விற்கிற பெண்ணுக்கு வாங்குகிறவரின் முகம் தெரியும். “அக்கா, போன வாரம் கொடுத்த வஞ்சிரம் நன்றாயிருந்தது” என்று அவர் மறுபடியும் அவளைத் தேடி வருவார். அந்த முகம் அவளுடைய சொத்து. இணையச் சந்தையில் அந்தச் சொத்து சந்தைக்காரனுடையது. முன்வரிசையில் எந்தக் கடை, பின்வரிசையில் எது என்பதை அவன் தீர்மானிக்கிறான். வாடகையும் அவன் வைத்ததே. தராசும் அவன் கையில்.

எட்ஸி என்ற அமெரிக்கச் சந்தையின் சரித்திரத்தைப் பாருங்கள். கைவேலைக்காரர்களுக்கென்றே 2005-ல் புரூக்ளினில் பிறந்தது அது. 2013-ல், வெளித் தொழிற்சாலையில் செய்வித்த பொருளையும் உரிய நிபந்தனைகளோடு விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 2015-ல் பங்குச் சந்தைக்குப் போயிற்று. விற்பனைக் கட்டணம் 2018-ல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று; 2022 ஏப்ரலில் 6.5 ஆயிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு வாரம் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் இறங்கவில்லை. ஏன் இறங்கும்? கூட்டம் முழுவதும் அவன் வீட்டு வாசலில் நிற்கும்போது?

இருபது டாலருக்கு ஒரு பொருளை விற்றதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் சேர்க்க 20 சென்ட். விற்பனைக் கட்டணம் 1 டாலர் 30 சென்ட். அவர்களுடைய வெளி விளம்பரம் வழியாக வாங்குகிறவர் வந்திருந்தால், சிறு கடைக்கு 15 சதவீதம், அதாவது 3 டாலர். ஆக நாலரை டாலர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பணம் கைக்கு வந்து சேர்வதற்கான கட்டணம் தனி. சிறு கடைக்காரர் அந்த விளம்பரம் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். ஆனால் வருஷத்தில் பத்தாயிரம் டாலர் விற்றுவிட்டால் அந்தச் சுதந்திரமும் போய்விடும், 12 சதவீதம் கட்டாயம்.

உள்நாட்டுச் சந்தைகளிலும் வேலி உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரி இணையச் சந்தையில் பொருள் விற்க, 2023 அக்டோபர் 1 முதல்தான் வழி பிறந்தது. அதுவும் தம் மாநிலத்துக்குள் மட்டும். கோயம்புத்தூருக்குக் கூடை போகலாம். பெங்களூருக்குப் போக வேண்டுமானால் பதிவு வேண்டும். “இந்தியா முழுதும் உங்கள் வாடிக்கையாளர்கள்” என்கிற உபதேசிகள் இதை முதலில் சொல்லுகிறார்களா?

சர்க்கார் சந்தை இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பூம்புகார் நிறுவனம் 1973-லிருந்து இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகம் 2023-ல் ‘இந்தியா ஹேண்ட்மேட்’ என்ற தளத்தைத் திறந்தது, கமிஷன் கிடையாது. நல்ல காரியம். தஞ்சாவூர்ப் பொம்மைக்காரரும் பத்தமடைப் பாய்க்காரரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் கமிஷன் இல்லை என்பதனால் மட்டும் வாங்குகிறவர் வந்துவிடமாட்டார். அவரைத் தேடிக்கொள்ளும் வேலை அங்கேயும் நம்முடையதே.

ஒரே வாசலை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை எங்கள் நெடுஞ்சாலையே பார்த்திருக்கிறது. 2020 மே மாதம் கொரோனாவினால் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். காய்கறி லாரிகள் எங்கள் ஊரைத் தாண்டித் திருமழிசைக்குப் போயின. தன் வாடிக்கைக்காரரின் போன் நம்பரை வைத்திருந்த வியாபாரி அங்கேயும் பிழைத்திருப்பான். வழிப்போக்கரை மட்டும் நம்பியவன் என்ன செய்வான்? 2025 ஆகஸ்டில் இன்னொரு வாசல் அடைபட்டது. 800 டாலருக்குட்பட்ட பார்சல்களுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா எடுத்துவிட்டது. நம் தபால் இலாகா அந்நாட்டுக்குப் பெரும்பாலான பார்சல்களை வாங்குவதையே நிறுத்தி, அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. பின்னி முடித்த கூடை எந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்கும்?

“குழந்தையையும் மாமியாரையும் விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு இந்தச் சந்தைதானே ஐயா ஒரே வாசல்?” என்று ஓர் அம்மாள் என்னைக் கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். நிச்சயமாகப் போங்கள். சந்தையே கூடாதென்று நான் சொல்லவில்லை. அதை வீடாக்கிக் கொள்ளாதீர்கள் என்கிறேன். அது பெயர்ப் பலகை மாட்டுகிற இடம்.

ஆகவே, சேருவதற்கு முன்னால் கூட்டத்தின் அளவை விசாரிக்காதீர்கள். வாங்கினவரிடம் என் பெயர் போய்ச் சேருமா? கட்டணத்தை ஏற்றும்போது எத்தனை நாள் முன்னால் சொல்லுவீர்கள்? திரும்பி வந்த பொருளின் நஷ்டம் யார் தலையில்? யந்திரத்தில் செய்ததை என் பக்கத்தில் வைத்து ‘கைவேலை’ என்று விற்பீர்களா? இந்த நாலையும் அவர்களுடைய விதிகளில் தேடிப் படியுங்கள். பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைக்கக்கூடாது என்கிற சந்தை, உங்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்ட சந்தை என்று அறியுங்கள்.

கூலி என்றதும் இன்னொன்று. வயருக்கு ஆன செலவைக் கணக்குப் போடுகிற நம் பெண்கள், ‘சிவன் கண்’ முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் கன்றிப்போன பொழுதுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சும்மா இருக்கிற நேரம்தானே என்கிறார்கள். யார் சும்மா இருந்தார்கள்? அந்த நேரத்துக்கு ஒரு விலை வையுங்கள். அந்த விலை போட்டும், கட்டணம் கழித்தும், கையில் ஏதாவது மிஞ்சுகிற சந்தை எதுவோ அதுவே நல்ல சந்தை. அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால், பக்கத்துத் தெருவில் பத்துப் பேருக்கு விற்பது கேவலமல்ல. அந்தப் பத்துப் பேரையும் எவனும் உங்களிடமிருந்து பறித்துக்கொள்ள முடியாது.