தீவன மூட்டைக்கு மாற்று வேலியோரத்தில் நிற்கிறது. நிலம்தான் கையில் இல்லை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஆட்டிறைச்சி விலை பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. மலேசியாவில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உள்நாட்டில் உற்பத்தியாகிறது. மீதி கப்பலேறி வருகிறது. அதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. ஆடு வளர்ப்பு நம்மவர்களுக்குப் புதிய தொழிலன்று. லயத்துக்குப் பின்னால் நாலு ஆடு கட்டி, பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் கோவில் நேர்த்தியையும் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தன. அந்த நாலு ஆட்டை நாற்பதாக்க முனையும்போதுதான் கணக்கு இடிக்கிறது. இடிக்கும் இடம் தீவன மூட்டை.

நாட்டில் பரவலாக நடப்படும் நேப்பியர் புல்லில், உலர்ந்த எடையில் பார்த்தால், புரதம் ஏறக்குறைய 8 முதல் 10 விழுக்காடு. வளர்ந்த ஆடு அதில் பிழைத்துக்கொள்ளும். பால்குடி மறந்த குட்டிக்கு அது போதாது. எடை ஏற வேண்டுமானால் 14 முதல் 16 விழுக்காடு தேவை. இந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் சோயாப் புண்ணாக்கு. அதில் புரதம் 44 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் சோயா இங்கே விளைவதில்லை. அர்ஜெண்டினா, பிரேசில், அமெரிக்கா என்று தூரத்திலிருந்து டாலர் விலையில் வருகிறது. ரிங்கிட் இறங்கினால் கொட்டகையில் செலவு ஏறும். 2022இல் உக்ரேன் போருக்குப் பின் சோளமும் சோயாவும் விலையேறி, கோழித் தட்டுப்பாட்டால் ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. சிங்கப்பூர்க் கோழிச் சோற்றுக் கடைகள் அதை மறந்திருக்க முடியாது. ஆடு வளர்ப்போரும் அன்று அதே சூட்டில்தான் நின்றனர். அது செய்தியாகவில்லை, அவ்வளவுதான்.

சோயாவுக்காகக் கப்பலை எதிர்பார்ப்பது நம் நாடு மட்டுமன்று. ஐரோப்பாவும் அப்படித்தான். அங்கே செம்மறிக் குட்டிகளுக்குச் சோயாவுக்குப் பதில் பட்டாணி, பாக்லா மொச்சை, லூப்பின் பயறு ஆகியவற்றைக் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. மொத்தப் புரத அளவைச் சமமாக வைத்துக்கொண்டால் குட்டியின் எடையிலும் இறைச்சியின் தரத்திலும் பெரிய இழப்பு இல்லை என்பதே அவற்றின் பொதுவான முடிவு. காரணம், அசைபோடும் விலங்கின் வயிறு. கோழிக்குக் கொடுக்கும் புரதத்தை எண்ணிச் சேர்க்க வேண்டும். ஆட்டின் இரைப்பையிலோ கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வரும் புரதத்தில் பெரும்பகுதியை உடைத்துத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. ஆடு பின்னர் அந்த நுண்ணுயிர்களையே செரிக்கிறது. அதனால் புரதம் சோயாவிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான வயல்களில் விளையும் லூப்பின், சுமார் 30 விழுக்காடு புரதத்தோடு, அங்குள்ள செம்மறிகளுக்குப் பல்லாண்டுகளாகத் துணைத்தீவனம். நம் சந்தைக்கு உறைந்து வரும் இறைச்சியில் கொஞ்சம் அந்தப் பயற்றில் வளர்ந்ததாகவும் இருக்கலாம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது லூப்பின் பயறு அன்று. அவர்கள் தம் மண்ணில் வளரும் பயற்றினத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான். நம் மண்ணில் என்ன வளர்கிறது?

நாட்டு ஆட்டின் பெயரே 'கம்பிங் காச்சாங்'. மலாயில் காச்சாங் என்றால் பயறு. பெயரில் இருப்பது தீவனத் தொட்டியில் இல்லை. சாலையோரம் தானாக முளைக்கும் பெத்தாய் பெலாலாங், தமிழ்நாட்டில் சவுண்டல் என்பார்களே, அதன் இலையில் புரதம் 20 விழுக்காட்டுக்கு மேல். கொக்கோ தோட்டங்களில் நிழலுக்கு நட்ட கிளிரிசிடியாவும், வீட்டு வாசலில் நிற்கும் அகத்தியும் அதே வரிசையில் வரும். மூன்றும் பயற்றினக் குடும்பம்தான். நகரை ஒட்டிய பண்ணைகளுக்கு இன்னொரு வழி உண்டு: தௌஃபூ, சோயாப்பால் செய்யும் இடங்களிலிருந்து வரும் 'ஹம்பாஸ்' சக்கை. உலர்ந்த எடையில் அதிலும் நல்ல புரதம். ஆனால் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நம் வெயிலில் மறுநாளே புளித்துவிடும்.

இலை இலவசம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடவும் முடியாது. பெத்தாய் பெலாலாங்கில் மிமோசின் என்ற நச்சு உண்டு. அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். அதைச் செரிக்கும் நுண்ணுயிரை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1980களில் ஹவாய்த் தீவு ஆடுகளின் இரைப்பையில் கண்டறிந்தார். ஆனாலும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. கிளிரிசிடியாவின் வாடை முதலில் ஆட்டுக்குப் பிடிக்காது. அரைநாள் வாடவிட்டால் தின்னப் பழகும். இலையோடு சக்தி தரும் தீவனமும் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு அதற்கு உதவும். ஆனால் அதையே முழுத் தீவனமாக்கினால் அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் தங்கி உயிரைக் குடிக்கும். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும்.

தோட்டத்துக்கும் பயற்றினத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மறுநடவு செய்த பால்மரக் காட்டில் மண்ணைக் காக்கப் படரவிடும் புவேரேரியா, சென்ட்ரோசீமா கொடிகள் பயற்றினமே. ஆடு விரும்பித் தின்னும். 1980களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பால்மரத்தடியில் செம்மறி மேய்ப்பதை ஊக்குவித்தது. புல் வெட்டும் செலவு குறைந்தது, இறைச்சியும் கிடைத்தது. ஆனால் ஐந்தாறு ஆண்டில் மரம் குடை விரித்ததும் நிழலில் கொடி செத்தது, மேய்ச்சலும் போயிற்று. இன்று செம்பனைத் தோட்டங்களில் பரவலாக இருப்பது இந்தியாவிலிருந்து வந்த முகுனா பிராக்டியாட்டா. களையை அடக்குவதில் கெட்டிக்காரக் கொடி. கால்நடைக்கோ அதன் சுவை ஆகாது. தோட்டத்துக்கு ஏற்ற கொடி ஆட்டுக்கு ஏற்றதாக இல்லை என்பதில் யாருடைய வசதி முதலில் பார்க்கப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி உழைப்பு. முப்பது கிலோ ஆடு ஒன்று நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும். அதில் கால் பங்கை இலையாகக் கொடுக்க ஒரு கிலோ பச்சை இலை வேண்டும். இருபது ஆட்டுக்கு இருபது கிலோ. காம்பு, கிளை கழிவு சேர்த்தால் இன்னும் அதிகம். மழையோ வெயிலோ தினமும் வெட்டிச் சுமக்க வேண்டும். மூட்டைத் தீவனம் விலை கூடினாலும் விற்பதற்கு இதுதான் காரணம்: அதைப் பிரித்துக் கொட்டினால் போதும். காலையில் வெளிக்காட்டு வேலை, மாலையில் இலை வெட்டு என்று ஓட வேண்டிய வீட்டில் இது சின்னக் கணக்கன்று.

அதைவிடப் பெரிய கணக்கு நிலம். கிளிரிசிடியாப் போத்தை வேலிக்கம்பாக ஊன்றினாலே துளிர்த்துவிடும். செலவு அநேகமாக இல்லை. ஆனால் முதல் வெட்டுக்கு ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டும், பிறகு பல ஆண்டுகள் வெட்டலாம். தோட்ட வீட்டில் குடியிருப்பவருக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு. தற்காலிக உரிமத்து நிலத்தில் கொட்டகை போட்டவர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நாளை காலி செய்யச் சொன்னால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், வேலியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. கால்நடைச் சேவைத் துறையின் உதவிகள் ஆட்டுக்கும் கொட்டகைக்கும் வருவதோடு, வேலியோரம் இரண்டு வரிசை மரம் நட்டுக்கொள்ளத் தோட்ட நிர்வாகம் தரும் ஐந்தாண்டு எழுத்துமூல அனுமதியும் வந்தால், சோயா மூட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கச் சிறு வளர்ப்பாளருக்குத் துணிவு வரும். அந்த அனுமதிக்கு ஒரு ரிங்கிட் மானியம்கூடத் தேவையில்லை.