கடைசிப் பிடில்காரர் என்று யார் சொன்னது?

"கடைசி" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கடைசிக் கூத்துக்காரர், கடைசிப் பறைக்கலைஞர் என்று பொன்னாடை போர்த்துகிறவர்கள், இத்தனை காலம் அந்த மனுசன் கஞ்சிக்கு என்ன செஞ்சான் என்று கேட்பதேயில்லை. அமெரிக்காவிலும் இதே கூத்துதான். வட கரோலினாவின் ஜோ தாம்ப்சனைப் பற்றி எழுதியவர்கள் பலரும், கறுப்பர்களில் மிஞ்சிய கடைசிப் பிடில்காரர்களில் ஒருவர் என்றுதான் தொடங்கினார்கள்.

ஜோ 1918இல் பிறந்தவர். அப்பா ஜான் ஆர்ச் பிடில்காரர். அப்பாவுக்கும் அவருடைய அப்பாவிடமிருந்து வந்த வாசிப்பு அது, அடிமைக் காலத்திலிருந்து. பையனுக்குப் பிடிலுக்குத் தந்தி வாங்கக் காசில்லை. கதவுவலையின் கம்பியை உருவிக் கட்டிக்கொண்டான். அண்ணன் நேட்டும் பெரியப்பா சித்தப்பா வழி அண்ணன் ஒடெலும் பாஞ்சோ வாசித்தார்கள். சோளம் உரித்து முடித்த ராத்திரியில், வீட்டுச் சாமான்களை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டம் நடக்கும். வாசித்துக்கொண்டே பாடுவார், ஆட்டக்காரர்களுக்கு அடவும் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சபைப் பாட்டு. பிறகு இரண்டாம் உலகப்போர், அது முடிந்து மெபேன் ஊர் மரச்சாமான் ஆலையில் பல பத்தாண்டு வேலை. கலைமாமணி வாழ்க்கை இல்லை ஐயா, ஷிப்டு வாழ்க்கை.

ஆனால் இன்றைக்கும் பிடில் என்றால் வெள்ளைக்கார மலைநாட்டான் சொத்து என்றே உலகம் நம்புகிறது. அடிமைகள் தப்பி ஓடியபோது ஆண்டைகள் பத்திரிகையில் கொடுத்த விளம்பரங்களைப் பாருங்கள்: உயரம், சாட்டைத் தழும்பு, "பிடில் வாசிப்பான்" என்று அடையாளம். 1841இல் கடத்தி விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் பிடில்காரர்தான். பாஞ்சோவோ ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கையின் வாரிசு. இதையெல்லாம் யார் மறைத்தது? 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பருக்கு ஒரு வரிசை, வெள்ளையருக்கு ஒரு வரிசை என்று பிரித்தன. ப்ளூஸ் உனக்கு, பிடில் அவனுக்கு. அதே காலத்தில் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு, ஜாஸ் நாட்டைக் கெடுக்கிறது என்று சொல்லிப் பழைய பிடில் ஆட்டத்துக்குப் பணத்தை இறைத்தார். சேரியும் ஊரும் பிரித்த கை எந்த நாட்டிலும் ஒரே கைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பர்களே இந்த வாத்தியங்களைக் கைவிட்டார்கள். வெள்ளையன் முகத்தில் கரி பூசிக்கொண்டு அவர்களைக் கேலி செய்து ஆடிய மேடைகளில் பாஞ்சோவும் பிடிலும்தான் முன்னால் நின்றன. அதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கு அதைத் தொடத் தோணும்? பஞ்சம் பிழைக்க வடக்கே போனபோது பலர் அதை விட்டுவிட்டே போனார்கள்.

எங்க தாத்தா ஊர்ச் சாவுக்குப் பறை அடிச்சவரு. அப்பா அதைப் பரண்ல தூக்கிப் போட்டாரு. கூப்பிட்டா வரமாட்டோம்னு தெருவே முடிவெடுத்த வருசம் அது. அந்த முடிவு சரி என்று இப்பவும் சொல்லுவேன். கூலியும் இல்லாம, மறுக்கவும் முடியாம, அடுத்தவன் வாசலில் அடிக்கிறதுக்குப் பேரு கலையா? பத்து வருசம் கழித்து ஒரு கருத்தரங்கில் அதே பறைக்கு மாலை போட்டு, "இது தமிழர் இசை, இதில் சாதியைப் பேசாதீர்கள்" என்றார் ஒருவர். கைதட்டல் அடங்கவே இல்லை. அடித்தவன் சாதியை விட்டுவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்களாம்!

ஜோவின் வீட்டு வழக்கம் வேறு. வெள்ளையர் ஆட்டத்துக்கும் வாசித்தார்கள்தான். ஆனால் தங்கள் வீட்டு ராத்திரிகளுக்கும் வாசித்தார்கள். அதனால்தான் அது மிஞ்சியது என்று நான் நினைக்கிறேன். 1973இல் கிப் லார்னெல் என்ற ஆய்வாளர் தேடி வந்தார். ஜோவும் ஒடெலும் ஓரம்கட்டி வைத்திருந்த வாத்தியங்களை எடுத்தார்கள், கார்னகி மண்டபம்வரை போனார்கள். 1994இல் ஒடெல் விபத்தில் செத்துப்போனார். வெள்ளைக்கார பாஞ்சோ கலைஞர் பாப் கார்லின் ஜோவுடன் சேர்ந்து வாசித்தார். 2001இல் பக்கவாதம் அடித்தது, பிடிலை விடவில்லை. கற்க வந்தவர் யாரையும் அவர் தோலைப் பார்த்துத் திருப்பியதில்லை.

2005இல்தான் ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்று மூன்று கறுப்பு இளைஞர்கள் வாரந்தோறும் வியாழக்கிழமை ராத்திரி மெபேனுக்கு வரத் தொடங்கினார்கள். ஸ்வரம் எழுதிய தாள் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. எண்பத்தாறு வயதுக்காரர் வில்லை இழுப்பார், இவர்கள் கூடவே வாசித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒடெல் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண் பாஞ்சோவோடு உட்கார்ந்தாள். 2007இல் தேசிய மரபுக்கலை விருது ஜோவுக்கு வந்தது. அந்த மூவரின் குழு 2011இல் கிராமி வாங்கியது. ஜோ 2012இல் 93 வயதில் இறந்தார்.

ரியானனும் ஜஸ்டினும் 2025இல் ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதில் சிலவற்றை ஜோவின் வீட்டு வெளியில் உட்கார்ந்து, மரத்துச் சில்வண்டு கத்தக் கத்த, அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள்.