இல்லறக் கணக்கு: கடலுக்கு விலை இல்லை



கோடை விடுமுறை நெருங்கியதும் மாலத்தீவும் அந்தமானும் கோவாவும் விளம்பரங்களின் வாயிலாக நம்மை அழைக்கத் தொடங்குகின்றன. மேலே நீலக்கடலும் வெண்மணலும். கீழே சிறிய எழுத்தில் தவணைத் திட்டம். ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். அங்கே விலை குறிக்கப்பட்டிருப்பது கடலுக்கன்று; கடலைப் பார்த்த அறைக்கு. மாலத்தீவில் 1972-ஆம் ஆண்டு முதல் விடுதி தோன்றிய பின், தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறை வளர்ந்தது. விடுதியின் விருந்தினர்க்கே பெரும்பாலும் அத்தீவின் கரை உரியது. ஹவாய்த் தீவுகளிலோ, விண்ணை முட்டும் விடுதிகள் நின்றபோதிலும், கடற்கரை பொதுமக்களுடையது என்பது சட்டம். செல்வரும் கட்டுச்சோற்று மூட்டையுடன் வருவோரும் ஒரே மணலில் அமரலாம். அறைச் செலவைத் தவிர்க்கும் வழி கண்டால் கடல் எல்லார்க்கும் எட்டும் என்பது இதனால் விளங்கும்.

நமக்கு எட்டும் கடல் எது? பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டரில், ஒரே வண்டியில் சென்றடையத்தக்கது சென்னை மெரினா. அந்நகரின் விடுதி வாடகை நடுத்தரக் குடும்பத்தின் கையைக் கடிக்கும். ஆயினும் இரவு வண்டியில் சென்று மறுநாள் இரவு வண்டியில் திரும்புவோர்க்கு அவ்வாடகை ஏது?

ஒரு செய்தியை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். தங்கவயல் நிலப்பரப்பு கடல்மட்டத்திற்கு மேல் 1 கிலோமீட்டர் உயரமும் இல்லை. ஆகவே அதன் அடியில் உழைத்த நம் பெரியோர் கடல்மட்டத்திற்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தவர்கள். கடலையே காணாத அத்தகைய முதியவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், முதற் பயணம் அவர் பொருட்டே அமையட்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், மக்களும் மருமக்களும் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர். தந்தை, தாய், குழந்தைகள், தாத்தா, பாட்டி அனைவரும் ஒரே இடத்தில் ஒரு பகல் முழுதும் இருப்பதே அரிதாகிவிட்டது. அந்த ஒரு பகலுக்காகவே இக்கணக்கு.

நாளைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. ஞாயிறு இரவு புறப்பட்டால் திங்கள் விடியலில்தான் ஊர் சேர முடியும். ஆதலால் திங்களும் விடுமுறையாக அமைந்த வாரமே ஏற்றது. முன்பதிவு 60 நாள் முன்னரே தொடங்குகிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் கட்டணமில்லை; 5 முதல் 11 வயது வரை, தனிப் படுக்கை வேண்டாமெனில் அரைக் கட்டணம். சென்னையின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-ஆம் ஆண்டு முதல் பெண்கள் இலவசமாகச் செல்கின்றனர். பேருந்தின் பெயர்ப் பலகையைப் பார்த்து ஏறுக.

புளியோதரையும் தயிர்ச் சோறும் கட்டிச் செல்லலாம். ஆனால் அதற்காகத் தாய் ஒருத்தி மட்டும் நள்ளிரவு வரை அடுப்படியில் நிற்பது முறையன்று. அவளுக்கும் அது விடுமுறை அன்றோ? புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வைத்து, மற்ற வேலைகளை ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்க. மாலையில் ஆளுக்கொரு பொட்டலம் சுண்டலுக்குக் காசு ஒதுக்கி வைத்தால் குழந்தைகளின் முகம் வாடாது.

மெரினா கிழக்கு நோக்கிய கரை. கதிரவன் கடலிலிருந்து எழும் காட்சி விடியலில் சென்றோர்க்கே கிட்டும். நண்பகலில் அம்மணல் கொதிக்கும். அந்நேரத்தை 1851-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எழும்பூர் அருங்காட்சியகத்தில் கழிக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு விடுமுறை. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் கரைக்குத் திரும்புக. நடக்க இயலாதவரும் சக்கர நாற்காலியில் அலையருகே செல்வதற்கென 2022-ஆம் ஆண்டு மரப்பாதை ஒன்று அமைக்கப்பெற்றது.

செலவினும் பெரிது உயிர். மெரினாவில் இறங்கிக் குளிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. கரையை ஒட்டியே ஆழம் மிகுதி. திரும்பும் நீரோட்டம் நீச்சல் அறிந்தவரையும் உள்ளே இழுக்கும். ஏரியில் நீந்திப் பழகிய நம் இளைஞர் கடலையும் அவ்வாறே கருதுதல் கூடாது. கால் நனைத்தல் போதும். சிறுவர் கையைப் பெரியவர் ஒருவர் விடாது பற்றியிருக்க வேண்டும்.

திரும்புமுன் உழைப்பாளர் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுக. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்த அச்சிலை 1959-ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பெற்றது. பாறையை நெம்பித் தள்ளும் நால்வரைத் தங்கவயலில் பிறந்த குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதே சென்னைக் கடற்கரையில்தான் 1923-ஆம் ஆண்டு சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். உழைப்போர்க்கு ஓய்வும் உரிமை என்னும் குரலுக்கு உரிய நாள் அது. 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையை உரிமையெனவே கூறுகிறது.

ஆகவே, கடன் வாங்கித் தொலைதூரத் தீவுக்குச் செல்ல இயலவில்லையே என்று வருந்த வேண்டா. திங்கள்தோறும் சிறு தொகையை ஓர் உண்டியலில் இட்டு வருக. பயணச்சீட்டும் பேருந்தும் சுண்டலும் மட்டுமே செலவு எனில், ஆண்டுக்கொரு முறை கடலைக் காண அதுவே போதும்.