வாக்குறுதிக்கு விலாசம் இல்லை

'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம் முன்னோர் சவால் விட்டது தனி மனிதனைப் பார்த்து. சர்க்காரைப் பார்த்து அப்படிச் சொல்ல வேண்டியதே இல்லை. 'கட்டிக் காட்டுகிறோம்' என்று அவர்களே முன்வந்து சொல்லிவிடுகிறார்கள். கட்டாமற் போனால் யாரைக் கேட்பது என்பதை மட்டும் சொல்வதில்லை.

2014 ஜூனில் பார்லிமெண்டின் இரு சபைகளையும் கூட்டி ஜனாதிபதி நிகழ்த்திய உரையில் ஒரு வாக்குறுதி இருந்தது. சுதந்திரத்தின் 75 ஆண்டுகள் நிறைவதற்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குழாயும் கழிப்பறையும் மின்சாரமும் உள்ள நல்ல வீடு. அதாவது, 2022 கெடு. 2015இல் நகரங்களுக்கான திட்டம் தொடங்கியது. 2022 ஆகஸ்டும் வந்தது, கொடியேற்றினோம். அதே மாதத்தில் மந்திரிசபை நகரத் திட்டத்தின் கெடுவை 2024 டிசம்பருக்குத் தள்ளி வைத்தது. 2024இல், இன்னும் ஒரு கோடிக் குடும்பங்களுக்கு என்று இரண்டாம் திட்டம் பிறந்தது.

லட்சக்கணக்கான வீடுகள் எழும்பியதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு: 'தேதி தவறிவிட்டது, அதற்கு நானே பொறுப்பு' என்று சொல்லும் கடமையை எந்த மந்திரிக்காவது நாம் விதித்திருக்கிறோமா?

இது ஒரு கட்சியின் குற்றமன்று. 1985இல் கிராமங்களுக்கென வந்த வீட்டுத் திட்டத்துக்கு ஒரு பிரதமரின் பெயர் இருந்தது. 2016இல் அது பிரதமர் பதவியின் பெயருக்கு மாறியது. பெயர்ப் பலகை எழுதுவதில் நமக்குச் சோர்வே கிடையாது.

பிரிட்டனில் 1951இல் வருஷத்துக்கு மூன்று லட்சம் வீடு என்ற பொறுப்பை ஹரால்டு மாக்மில்லன் என்ற ஒருவர் தலையில் வைத்தார்கள். வீடுகளின் அளவு சுருங்கியது என்ற குறை உண்டு. ஆனால் 1953இல் எண்ணிக்கையை எட்டினார். நியூஸிலாந்தில் பத்தாண்டில் ஒரு லட்சம் வீடு என்று 2017இல் சொன்னவர்கள் முதல் வருஷத்து ஆயிரத்தையே எட்டவில்லை. 2019இல் மந்திரியிடமிருந்து அந்த இலாகா பறிபோயிற்று. இலக்கையும் பகிரங்கமாகக் கைவிட்டார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அங்கே கேட்க ஓர் ஆள் இருந்தார்.

இங்கே ஆள் இல்லாததன் விளைவைப் பாருங்கள். நகரத் திட்டத்தின் பெரும்பகுதி, சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்குக் கொடுக்கும் உதவித் தொகை. மனையே இல்லாத நடைபாதைக் குடும்பம் அதை வாங்கி எங்கே கட்டும்? அதே திட்டத்தில், வருஷத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர்களுக்கும் 2017 முதல் 2021 வரை வட்டிச் சலுகை கிடைத்தது. அதாவது, நம்மைப் போன்றவர்களுக்கு! வாயடைத்துப் போனதில் ஆச்சரியம் என்ன?

நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று 2012இல் நிபுணர் குழு கணக்கிட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கோ, அதே நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடப்பதாகச் சொல்லிற்று. ஒரு புறம் ஒரே அறையில் இரண்டு குடும்பம். மறு புறம் முதலீடு என்ற பெயரில் தொங்கும் பூட்டு!

நான் கேட்பது அதிகமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, சொன்னது இத்தனை, கட்டியது இத்தனை, குடியேறியது இத்தனை என்று மூன்றே எண்களைப் படிக்கட்டும். கணக்குத் தவறினால் இன்னொருவருக்கு இடம் விடட்டும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் ஏழையைக் காலி செய்யச் சொல்கிறோமே, பதவியில் குடியிருப்பவருக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?