நாரந்தனைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பி வேண்டுமா?

சென்ற மாதம் ஸ்காபரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். ஊரில் இருக்கும் தன் தாயாருக்கு, அதாவது என் தமக்கையாருக்கு, காற்றுச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னான். அக்காவுக்குத் தொய்வு. மாரி தொடங்கினால் இரவில் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தபடி விடிய விடிய இருப்பார். "எந்த மாதிரி நல்லது மாமா? நீங்கள் பத்திரிகையில் இருந்தவர், விசாரித்துச் சொல்லுங்கள்" என்பது அவன் கேள்வி.

அவன் ஏன் கேட்கிறான் என்பது எனக்கு விளங்கியது. 2023 ஜூன் மாதத்தில் கனடாவின் காட்டுத்தீப் புகை டொரொன்ரோவை மூடியபோது, அடுக்குமாடியின் சன்னல்களை அடைத்துவிட்டு அந்த இயந்திரத்தை நம்பித்தான் அவன் குடும்பம் இருந்தது. அது பொய்யான நம்பிக்கையன்று. ஹெப்பா எனப்படும் வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரோன் அளவுத் துணிக்கைகளிலேயே நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்கும். 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசைப் பிடிக்க உருவான தொழில்நுட்பம் அது. அடைத்த அறையில் அதன் பயன் உறுதியானது.

நாரந்தனையில் அடைத்த அறை எங்கே இருக்கிறது? அக்காவின் வீடு ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே அணில் ஓடும் இடைவெளி. சோளகம் வீசினால் முன்வாசலால் புகுந்து குசினி வழியாகப் போகும். அப்படி ஓடும் காற்றை மூலையில் இருக்கும் ஒரு பெட்டி சுத்திகரிப்பது, ஊர்காவற்றுறைக் கடலை வாளியால் இறைப்பது போன்றது. இவ்வியந்திரங்களின் வலிமையை, ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி தூய காற்றைத் தருகின்றன என்று அளக்கிறார்கள். எட்டடி உயரக் கூரையுள்ள அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது அந்த எண் இருக்கவேண்டும் என்பது கணக்கு. 12 அடிக்கு 10 அடி அறைக்கு 80. ஆனால் கதவும் சன்னலும் அடைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு. சித்திரை வெயிலில் அப்படி அடைத்து வைத்தால் தொய்வுக்கு முன்னே வெக்கை ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இலங்கையில் 230. அங்கே வாங்கி அனுப்புகிற பெட்டியை இங்கே நேராகச் செருகினால் அன்றே அதன் கதை முடிந்துவிடும். வடிகட்டியையும் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்தில் தேடியும் அந்த மாதிரிக்குரியது கிடைக்காவிட்டால், அழுக்கேறிய வடிகட்டியோடு வெறுமனே இரையும் ஒரு விசிறிதான் மிஞ்சும்.

இவையெல்லாம் காசு வீணாகும் சங்கதிகள். ஆபத்தான சங்கதி வேறு. "அயனிகளை வெளியிடும்", "ஓசோனால் கிருமிகளை அழிக்கும்" என்று சில இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. ஓசோன் மேல்வானத்தில் நமக்குக் குடை, மூக்கருகே நஞ்சு. சுவாசக் குழாயை எரிச்சலூட்டித் தொய்வைக் கிளப்பிவிடும். கலிபோர்னியா மாநிலம் 2006இல் சட்டமியற்றி, வீட்டுச் சுத்திகரிப்பிகள் வெளிவிடும் ஓசோனின் செறிவு பத்து இலட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டக்கூடாது என்று 2010 முதல் நடைமுறைப்படுத்தியது சும்மா அல்ல.

அதற்கு முன்னரே ஷார்ப்பர் இமேஜ் என்ற நிறுவனத்தின் அயனி இயந்திரத்தைச் சோதித்த கன்சூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை, அது காற்றை ஒழுங்காகச் சுத்திகரிக்கவில்லை என்று எழுதிற்று. நிறுவனம் 2003இல் வழக்குப் போட்டது. 2004இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சஞ்சிகையின் வழக்குச் செலவையும் நிறுவனமே கட்ட நேர்ந்தது. சோதித்துப் பார்த்து எழுதும் துணிவும் வசதியும் அந்தச் சஞ்சிகைக்கு இருந்தன. நான் வேலை பார்த்த இடமொன்றில் இப்படியான ஒரு பொருளின் விளம்பரம் அரைப்பக்கத்துக்கு வந்தபோது, அது உண்மையா என்று கேட்ட என்னை ஆசிரியர் பீடத்தில் எல்லோரும் பார்த்த பார்வை இன்னும் நினைவில் நிற்கிறது. விளம்பரம் வந்தது.

தீவுக் காற்று எப்போதும் சுத்தம் என்றும் நான் சொல்லவில்லை. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கே இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மூடியது. 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகளை மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் அடைக்கக்கூடிய ஓர் அறையும் அதற்குள் ஒரு நல்ல ஹெப்பா இயந்திரமும் இருந்தால் நிச்சயம் உதவும். ஆனால் அக்காவை ஆண்டு முழுவதும் இருமவைப்பது கடல் தாண்டி வந்த புகையன்று.

குசினிக்குள் போய்ப் பார்த்தேன். பனைமட்டையும் ஊமலும் பொச்சும் எரியும் அடுப்பு. மேலே இருந்த புகைக்கூடு இடம்பெயர்வுக்குப் பிறகு திருத்தப்படவேயில்லை, சுவர் முழுவதும் கரி. 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது திரும்பிய விறகடுப்பை அவர் பின்னர் விடவில்லை. இரவானால் கட்டிலடியில் நுளம்புச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிகையில் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்கு நுண்துணிக்கைகளை வெளியிடும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சிகரெட்டை வாழ்நாளில் தொடாத மனுசி, தலைமாட்டில் அதைக் கொளுத்திவிட்டுப் படுக்கிறார். துணிக்கைகளையாவது வடிகட்டி பிடிக்கும். விறகுப் புகையோடு வரும் காபனோரொட்சைட்டை அது பிடிக்காது.

மருமகனுக்கு இப்படி எழுதினேன்: "இயந்திரத்துக்கு ஒதுக்கிய காசில் புகைக்கூட்டைத் திருத்து, இரண்டு நுளம்பு வலை வாங்கிக்கொடு, எரிவாயு அடுப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்பு. தாயார் தன் மருந்துப் பம்பை ஒழுங்காக இழுக்கிறாரா என்று வாரம் ஒருமுறை கேள். பிறகும் ஆசை இருந்தால், அடைக்கக்கூடிய அந்தத் தென்புற அறைக்கு, ஓசோன் விடாத ஹெப்பா இயந்திரமொன்றைக் கொழும்பில் வாங்கு."

அவன் பதில் ஒரு வரியில் வந்தது. மேசனுக்கு நாட்கூலி எவ்வளவு என்று கேட்டிருந்தான். அக்காவிடம் சொன்னபோது, "பெட்டி வராதோ?" என்று சற்று ஏமாற்றத்தோடு கேட்டார். பக்கத்து வீட்டுக்கு ஒன்று வந்திருக்கிறதாம்.